குந்தாதே என்று சொல்லிக்கொடுத்தவள்

ஜப்பான்காரர்கள் காலத்தில் என் மகளைக் குந்த விடாமல் நிற்கப் பழக்கினேன். அதனால் அவளைக் காப்பாற்றினேனா, அவள் இருதயத்துக்கு மேலும் கேடு செய்தேனா? இன்றுவரை தெரியவில்லை.

அப்போது மலாயாவில் சிகாமட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். கணவர் அங்கேயே கணக்கெழுதும் கிராணி. மகளுக்கு ஐந்து வயது. பத்தடி ஓடினால் மூச்சு வாங்கும். உதடும் நகமும் நீலமாகும். உடனே முழங்கால்களை மார்போடு சேர்த்துக் குந்திவிடுவாள். கொஞ்ச நேரத்தில் தானே எழுந்து போவாள்.

"என்னா டீச்சர், மைக்கூட்டைப் பிள்ளைகிட்ட குடுத்துட்டுத் தூங்கிட்டீங்களா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வார். நானும் சிரிப்பேன். பிறகு உள்ளே போய் ஈரத்துணியால் அந்த உதடுகளைத் துடைத்துப் பார்ப்பேன். படித்தவள்தான், இருந்தும் துடைத்தேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெஸர் அவள் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "பொறவியிலயே இருதயத்துல கோளாறு, டீச்சர். மருந்து கெடையாது. அமெரிக்காவுல ஒரு பிள்ளைக்கு நெஞ்சைத் தொறந்து சரி பண்ணாங்களாம், சண்டைக்கு முந்தி நம்ம டாக்டர் சொன்னாரு. அது வேற கோளாறாம். இங்க இப்ப கத்தி வைக்க யாரு இருக்கா?"

கத்தி என்றதும் பயந்தேனா, ஆசைப்பட்டேனா, அதுவும் நினைவில்லை.

பள்ளியில் தினமும் காலையில் பிள்ளைகள் வரிசையாக நின்று கிழக்கே, ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் பக்கம், குனிந்து வணங்க வேண்டும். பிறகு உடற்பயிற்சி. ஒருநாள் சரியாகக் குனியவில்லை என்று தலைமையாசிரியரை ஒரு ஜப்பானிய அதிகாரி பிள்ளைகள் எதிரிலேயே அறைந்தார். அடுத்த வாரம் மறுபடி வருவதாகச் சொல்லிப் போனார். என் மகளோ பயிற்சி நடுவில் குந்துகிறவள்.

அன்று மாலையிலிருந்து வீட்டுக்குப் பின்னால் அவளைப் பழக்கினேன். "இச்சி, நி, சான்" என்று ஜப்பானிய மொழியில் எண்ணுவேன். குந்தப் போனால் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவேன்.

"மூச்சு வரலம்மா."

"இன்னும் கொஞ்சம்தான், கண்ணு. நில்லு."

அந்த ஒரு நாள் அவளை வீட்டிலேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வருகைப் பட்டியலில் உள்ள அவள் பெயரை அவர் கூப்பிட்டுவிட்டால்? அந்த யோசனையிலேயே வாரம் போய்விட்டது.

அதிகாரி வந்தார். அவள் கடைசிவரை நின்றாள், என்னையே பார்த்துக்கொண்டு. அவர் முதுகைத் திருப்பியதும் சரிந்தாள். வகுப்பறைக்குள் தூக்கிக்கொண்டு ஓடினேன். வெகுநேரம் கழித்துக் கண் திறந்து சொன்னாள்: "நான் குந்தலம்மா."

சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு ஜொகூர் பாருவில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மூச்சு வாங்கியும் அவள் குந்தாமல் நின்றதைப் பார்த்தார். "குந்தட்டும்மா. அப்படி இருந்தா அவளுக்கு மூச்சு லேசாகும். யார் தடுத்தது?" என்றார். சீமையில் இப்போது இந்தக் கோளாறுக்கு நெஞ்சைத் திறந்து ஒரு ரத்தக்குழாயை இணைக்கிறார்களாம். சில பிள்ளைகளுக்கு நீலம் போய்விடுகிறது. சிலர் மேசையிலிருந்து எழுவதே இல்லை. நாங்கள் சம்மதித்தால் அங்கே கடிதம் எழுதுவதாகச் சொன்னார்.

"நீதான் படிச்சவ, நீயே சொல்லு" என்கிறார் கணவர். மகளுக்கு இப்போது பத்து வயது. அவளையே கேட்டேன்.

"நீங்க சொன்னா போறேம்மா."

உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் நின்றுகொண்டேதான் சொன்னாள். குந்திக்கொள் என்றால், மெய்யாகத்தான் சொல்கிறேனா என்று என் முகத்தைப் பார்க்கிறாள். யாரும் இல்லாதபோது வீட்டுக்குப் பின்னால் குந்தியிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் பதிலுக்குக் காத்திருக்கிறார். பிள்ளையின் நெஞ்சில் கத்தி வைக்கச் சம்மதித்தவர்களோ மறுத்தவர்களோ இதைப் படித்தால், எப்படி முடிவு செய்தீர்கள் என்று எழுதுங்கள். அதற்கு முன் இன்னொன்றும் சொல்லுங்கள். என் சொல்லுக்கு நிற்கவே பழகிய பிள்ளையிடம், அவள் மனத்தில் உள்ளதை எப்படிக் கேட்பது?