பகலுக்கு வந்த எங்கள் வேலை

ஜேர்மனியில் உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் நடந்ததற்கு முந்திய இலையுதிர்காலம் அது. பீலெஃபெல்ட் நகரில் ஒரு துப்புரவு நிறுவனத்தில், பெண்கள் மட்டுமே இருந்த ஒரு சிறு குழுவுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். ஒரு பெரிய காப்புறுதி அலுவலகம்தான் எங்கள் இடம். அங்கே வேலை செய்பவர்கள் பின்னேரம் வீட்டுக்குப் போன பிறகு நாங்கள் உள்ளே போவோம். வருடக்கணக்காக அவர்களுடைய மேசைகளைத் துடைத்தோம், ஆனால் அவர்களுடைய முகம் எங்களுக்குத் தெரியாது. எங்களுடைய முகமும் அவர்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அடுத்த மாதத்திலிருந்து துப்புரவு வேலை பகலில்தான் நடக்க வேண்டும் என்று காப்புறுதிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். மறுத்தால் வேலை வேறு நிறுவனத்துக்குப் போய்விடும்.

"உங்கள் ஆட்களைச் சம்மதிக்க வைப்பது உங்கள் பொறுப்பு. வராதவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்களை எடுத்துக்கொள்வேன்" என்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்துக் கழற்றும் நேரத்தில் நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவேன். இனிப் பின்னேரங்களில் வீட்டில் நிற்கலாம். இதைச் சொன்னால் எல்லோரும் மகிழ்வார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

ஒருவரும் மகிழவில்லை. எங்களில் மூத்தவரான யாழ்ப்பாணத்து அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தங்கச்சி, எனக்கு இது ஏலாது. கோயில்ல காணுற சனம் காப்புறுதி அலுவலா இங்க வந்து போகுது. நான் ஒஃபிஸ் வேலை எண்டுதான் எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கிறன்."

துருக்கிப் பெண்மணி ஒருவர் எல்லோருக்கும் முன்னால் ஜேர்மன் மொழியில் கேட்டார்: "அவர்களுக்கு நடுவில் வாளியும் கையுமாக நிற்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா? பகலில் ஒரு தடவையாவது உள்ளே போயிருக்கிறாயா?"

எனக்குத் தெரியாது. நான் போனதே இல்லை. அப்போதுதான், முதலில் நான் போக வேண்டும் என்று முடிவெடுத்தேன். மாதம் பிறக்கும் முன்பே ஒரு வாரம் பகலில் தனியாக ஒரு மாடியைத் துப்புரவு செய்து பார்க்கிறேன் என்று முதலாளியிடம் கேட்டேன். தேவையில்லாத வேலை என்றார். ஆனாலும் தடுக்கவில்லை.

முதல் நாள் காலை தள்ளுவண்டியோடு மின்தூக்கியில் ஏறினேன். உள்ளே நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மாடியில் மேசைக்கு முன்னால் இருந்த ஒருவர், நான் கீழே கூட்டுவதற்காக, என்னைப் பார்க்காமலே இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். தூசி உறிஞ்சும் இயந்திரத்தைப் போட்டதும் தொலைபேசியில் இருந்த ஒரு பெண் வெளியே போகும்படி கையால் சைகை காட்டினார். மதியம் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மிச்ச அறைகளைச் செய்து முடித்தேன். மறுநாளும் போனேன். அந்த வாரக் கடைசியில், கை காட்டிய அதே பெண் என் பெயரைக் கேட்டார். எந்த நேரத்தில் தொலைபேசி அழைப்புகள் குறைவு என்றும் அவராகவே சொன்னார்.

நல்லதையும் கெட்டதையும் மறைக்காமல் குழுவிடம் சொன்னேன். கால் தூக்கியவரைப் பற்றிச் சொன்னபோது துருக்கிப் பெண்மணி சிரித்தார். அதற்குப் பிறகுதான் அவர்கள் வாய் திறந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நிரந்தரமாக ஒரு மாடி வேண்டும், ஆளை மாற்றக் கூடாது. முதல் நாள் முதலாளியே வந்து எங்களைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டும். அப்படியென்றால் வருகிறோம் என்றார்கள்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். மாடி சரி, அறிமுகத்துக்கெல்லாம் நேரமில்லை என்றார். "அப்படியென்றால் நானும் வர மாட்டேன். எனக்கும் சேர்த்து வேறு ஆள் பாருங்கள்" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. வீட்டில் என் கணவருக்கு அப்போது வேலை இல்லை. கடைசியில் முதலாளி, "முதல் நாள் காலையில் சரியான நேரத்துக்கு வந்து நில்லுங்கள்" என்றார்.

அந்தக் காலையில் அவர் கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார். மாடி மாடியாக எங்களோடு நடந்தார். பெயர்களைத் தப்புத் தப்பாக உச்சரித்தாலும் ஒருவரையும் விடவில்லை. அலுவலகத்தார் எழுந்து கை கொடுத்தார்கள்.

அக்கா மட்டும் வரவில்லை. சன்னலால் பார்த்தபோது எதிரே பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றுகொண்டிருந்தார். பேருந்துகள் வந்து போயின, அவர் எதிலும் ஏறவில்லை. இறங்கிப் போனேன்.

"அக்கா, வாங்கோ. இண்டைக்கு உங்களோட நானும் நிக்கிறன். பிடிக்காட்டி நாளைக்கு வர வேண்டாம்."

"ஆரும் கண்டால்?"

"கண்டால் நான்தான் முன்னுக்கு நிப்பன். முதல் என்னைத்தான் காணுவினம்."

அக்கா வந்தார். சில வாரங்களில் அவர் பயந்தது நடந்தது. கோயிலில் பழக்கமான ஒரு தம்பதி, எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் நடைக்கூடத்தில் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். அக்கா தூணுக்குப் பின்னால் ஒதுங்கியதைப் பார்த்தேன். நான் போகலாமா என்று யோசிப்பதற்குள் அவரே தரை துடைக்கும் மொப்பைச் சுவரில் சாத்திவிட்டு வெளியே வந்தார். "இஞ்சால வாங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று அவர்களுக்கு முன்னால் நடந்தார். திரும்பி வந்து மொப்பை எடுத்து, விட்ட இடத்திலிருந்து துடைக்கத் தொடங்கினார்.

எல்லோரும் நிலைக்கவில்லை. போலந்துப் பெண் ஒருவர் ஒத்துவராது என்று வேறு வேலைக்குப் போனார். அது எனக்கு வருத்தம்தான். பிறகு நான் பெரிய குழுக்களையும் பெரிய மாற்றங்களையும் பார்த்துவிட்டேன். ஆனால் மற்றவர்களைப் போகச் சொல்லும் வழியில் முதலில் என் கால் பட வேண்டும் என்ற பிடிவாதம், தனியாகத் தள்ளுவண்டியோடு நின்ற அந்த வாரத்தில்தான் எனக்குள் வந்தது. இன்றுவரை அதை நான் விடவில்லை.