பீரோவில் பூட்டிய சட்டக் கல்லூரி

தனியார் கல்லூரி ஆபீசில் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும், பாடம் நடத்துவதைவிடச் சிரமம், பாடம் நடப்பதாக எழுதிக் காட்டுவது. கள்ளக்குறிச்சி பக்கம் கச்சிராயபாளையம் சாலையில் ஒரு சட்டக் கல்லூரியில் கிளார்க்காக இரண்டு வருஷம் நான் அப்படி எழுதினேன். உங்களுக்கும் அப்படியொரு முதலாளி வாய்த்திருந்தால் என் பாடு புரியும்.

வரலாறு

விளக்கப் புத்தகத்துக்குக் கல்லூரி வரலாறு ஒரு பக்கம் வேண்டும் என்றார் தாளாளர். கல்லூரி தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன் அந்தக் கட்டடத்தில் அவருடைய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். உள்ளதை உள்ளபடி நாலு வரி எழுதிக் கொடுத்தேன். அவர் முகம் சுண்டிப் போனது. தன் தாத்தா ஊர்ப் பஞ்சாயத்து செய்த காலத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். ஒரே மத்தியானத்தில் கல்லூரிக்கு எழுபது வயசு கூடிவிட்டது. அப்படியும் அவருக்குத் திருப்தி இல்லை.

"எங்க தாத்தா தீர்ப்பு சொன்னா ஒருத்தனும் அப்பீல் போனதில்லய்யா. அதயும் போடு."

மூன்று படிப்பு, ஒரு வாத்தியார்

மூன்று வருஷ பி.எல்., தொழிலாளர் சட்ட டிப்ளமோ, கூட்டுறவுச் சட்ட டிப்ளமோ. எல்லாவற்றுக்கும் ஒரே ஆசிரியர், பிரின்சிபால். ரிடையர்டு முன்சீப், நல்ல மனிதர். கால அட்டவணைப்படி காலை பத்து மணிக்கு அவர் மூன்று அறையிலும் இருப்பார். அதை டைப் அடித்த பாவி நான்தான்.

அதை முதலில் கண்டுபிடித்தவன் தீர்த்தன். டிகிரி முடித்துவிட்டு, கரியாலூரிலிருந்து மலை இறங்கி வந்து சேர்ந்தவன். அட்டவணையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பணிவாகத்தான் கேட்டான்.

"அவரு நெசமா எந்த ரூம்ல இருப்பாருன்னு சொல்லிட்டீங்கன்னா, நாங்க அங்கயே ஒக்காந்துக்கினு இருப்போம் சார்."

பீரோ சாவி

சேரும்போதே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டிவிடுவோம். பையன்கள் வேறு கல்லூரிக்கு ஓடிவிடக் கூடாதாம். தீர்த்தனின் கவரில் மார்க் ஷீட்டோடு சாதிச் சான்றிதழும் இருந்தது. பழங்குடி என்று எழுதி வாங்க அவன் அப்பா தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தாரோ! அவர்கள் உழுத நிலம் காட்டு இலாகாவுடையது என்று நோட்டீஸ் மேல் நோட்டீஸாக வந்துகொண்டிருந்தது. அதைக் கோர்ட்டில் கேட்கத்தான் மகனைச் சட்டம் படிக்க அனுப்பியிருந்தார். கவரை என் கையில் கொடுத்தவர் அவரேதான்.

"பத்தரமா வெச்சிக்குங்க சார். எங்க வூட்டுல இருந்தா கறையான் அரிச்சிடும்."

நடுரோட்டில் அட்டெண்டன்ஸ்

அங்கீகாரத்துக்காக மெட்ராசிலிருந்து குழு வரும் நாள். அது கிடைக்காவிட்டால் ஒருவரும் பரீட்சை எழுத முடியாது. அன்றைக்குப் பார்த்து இட ஒதுக்கீட்டுப் போராட்டம். ரோடெல்லாம் புளியமரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். குழுவின் கார் மாட்டிக்கொண்டது. காரை மறித்து உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் மாணவர்கள்!

மாணவர்கள் இருப்பதை அங்கேயே குழுவுக்குக் காட்டச் சொல்லி, தாளாளர் வருகைப் பதிவேட்டோடு என்னைச் சைக்கிளில் விரட்டினார். குழுவின் முன்னால் நடுரோட்டில் நின்று பெயர் படித்தேன். கோஷத்துக்கு நடுவே ஒவ்வொருவனும் "ஆஜர் சார்" என்றான். தீர்த்தன் மட்டும் ஆப்சென்ட். கார் போக வழியில்லாததால் குழுவைக் கல்லூரிக்கு நடத்தியே கூட்டிப் போனேன். அங்கே காலி வகுப்பில் தீர்த்தன் தனியாக உட்கார்ந்திருந்தான். பஸ் ஓடாததால் மலையிலிருந்து நடந்தே வந்திருந்தான். குழுத் தலைவர் அவன் பெயரைக் கேட்டுப் பதிவேட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க காலேஜ்ல வகுப்புக்கு வந்தவருக்குத்தான் ஆப்சென்டா?"

முதல் வழக்கு

அங்கீகாரம் வரவில்லை. அரசு சட்டக் கல்லூரியில் பழங்குடி ஒதுக்கீட்டின்படி தீர்த்தனுக்கு இடம் வந்தது. ஒரிஜினலோடு சேரப் பதினைந்து நாள் கெடு. அடுத்த வருஷம் நமக்கே அங்கீகாரம் வந்துவிடும் என்று சொல்லித் தாளாளர் கவரைத் தர மறுத்துவிட்டார். ரோட்டில் ஊரே ஒதுக்கீடு கேட்டுக்கொண்டிருந்தது, அவனுக்குக் கிடைத்த ஒதுக்கீடு எங்கள் பீரோவில் கிடந்தது. வேலை போய்விடுமென்று நான் வாய் திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

தீர்த்தன் கள்ளக்குறிச்சி கோர்ட்டில் எங்கள் கல்லூரி மேல் தானே மனு எழுதிப் போட்டு, வக்கீல் வைக்காமல் தானே வாதாடினான். மனு எழுதுவது ஒன்றைத்தான் பிரின்சிபால் முழுசாக நடத்தியிருந்தார். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு உத்தரவு வந்தது. கோர்ட் ஆள் முன்னிலையில் நானே பீரோவைத் திறந்தேன். தீர்த்தன் கவரைப் பிரித்து, கறையான் அரித்திருக்கிறதா என்று ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தான். கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினான். தாளாளர் என்னைக் கூப்பிட்டார்.

"வரலாத்துல சேத்துடுய்யா. நம்ம ஸ்டூடண்ட் மொதல் கேஸ்லயே ஜெயிச்சிட்டாரு."

சேர்த்தேன், நான் எழுதிய வரலாற்றில் பொய் இல்லாத வரி அது ஒன்றுதான்.