ஏற்கெனவே கோடு போட்டிருந்த அறை

கம்பியில்லாமல் கேம் ஆட வைப்பதுதான் என் தொழில். அதற்கு எத்தனை முழம் கம்பி இழுக்க வேண்டியிருக்கிறது என்பதை என் தோள்பட்டையைக் கேட்டால் சொல்லும்.

முகத்தில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். ஹெட்செட் ஒன்றை ஆசையாக வாங்கி, வீட்டுக் கம்ப்யூட்டரோடு சேர்க்கப் பார்த்து, படம் உறைந்து, தலை சுற்றி, சோபாவில் சாய்ந்து கிடந்த புண்ணியவான்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஹெட்செட்டுக்குள் இருப்பது சின்ன மூளை. பெரிய கேம் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் ஓடும். அங்கிருந்து ரவுட்டர் வரைக்கும் படம் கம்பியில் வரும், ரவுட்டரிலிருந்து ஹெட்செட்டுக்குக் காற்றில் வரும். காற்று சரியில்லை என்றால் வாடிக்கையாளருக்கு வாந்தி வரும், எனக்குத் திட்டு வரும். கடை தண்டையார்பேட்டையில். ராயபுரத்திலிருந்து மீஞ்சூர் வரைக்கும் ஸ்கூட்டரில் போய் வருகிறேன்.

காற்றைச் சோதிக்க எனக்கென்று ஒரு பழைய ஹெட்செட் உண்டு. பர்மா பஜாரில் ஒரு பாயிடம் வாங்கியது. தலைப்பட்டை அறுந்த இடத்தை யாரோ பச்சை நிற வலைநூலால், மீன்வலை பின்னுகிறவர்கள் போடும் முடிச்சுப் போட்டுத் தைத்திருந்தார்கள். பழைய பெட்டி வாங்கினால் உள்ளே இருப்பதை முழுக்க அழித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நான் அழிக்கவில்லை. முன்பு வைத்திருந்தவர் நான்கு நல்ல கேம் வாங்கிப் போட்டிருந்தார், அழித்தால் அவையும் சேர்ந்து போய்விடும். ஓசியில் வந்ததை யாராவது விடுவார்களா?

எல்லைக்கட்டு

எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலை கோடு போடுவது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, கட்டில் மேஜையில் இடிக்காத இடத்தைச் சுற்றிக் கையால் ஒரு எல்லை வரைய வேண்டும். ஆடும்போது அந்தக் கோட்டுக்குக் கிட்டே போனால் நீல வேலி மாதிரி எழுந்து நம்மைத் தடுக்கும். இந்தக் கோடு மட்டும் இல்லாவிட்டால் வடசென்னையில் பாதி டி.வி. உடைந்திருக்கும்.

திருவொற்றியூரில் ஒரு வீடு. ஆடி மாதம். தெருமுனை அம்மன் கோயிலில் முந்தின நாள்தான் எல்லைக்கட்டு நடந்து, மூலைக்கு மூலை எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டிருந்தார்கள். நான் முகத்தில் பெட்டியை மாட்டிக்கொண்டு, கையை நீட்டியபடி அறையைச் சுற்றி நடப்பதை வாடிக்கையாளரின் அத்தை கதவருகில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "யக்கா, நீயும் எல்லைதான் கட்டுறியா?" என்றார். ஆமாம், வெளியே இருப்பது குறுக்கே வராமல் இருக்கத்தான் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அறையின் நடுவில் ஒரு இடத்தையே உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"வெளிய கீறது உள்ள வராம கோடு போட்டுட்ட, சரி. ஏற்கெனவே உள்ள கீறத இன்னா பண்ணப் போற?"

பாய் சொன்னது

ரவுட்டர் வாங்க மறுபடியும் பர்மா பஜார் போனபோது, பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்தப் பழைய ஹெட்செட்டை விற்றுவிட்டுப் போன பெண் திரும்பி வந்தாராம். கடை முன்னால் ரொம்ப நேரம் நின்றாராம். வேறொருத்தர் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று பாய் சொன்னதும், பேர், ஊர் எதுவும் சொல்லாமல் போய்விட்டாராம். இன்னொரு முறை வந்தால் கொடுங்கள் என்று என் கார்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பெண் வரவே இல்லை.

நகையை விற்றுவிட்டுத் திரும்பக் கேட்கிறவர்கள் உண்டு. இந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அப்படி என்ன இருக்கிறது? கடைக்கு வந்து உள்ளே எல்லாவற்றையும் துழாவினேன். ஒரு போட்டோ இல்லை, ஒரு வீடியோ இல்லை, குரல் பதிவு இல்லை. நான்கு கேம், அவ்வளவுதான். ஆனாலும் அதற்கப்புறம் அந்தப் பெட்டியை மாட்டும்போதெல்லாம் வேறு யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு நடப்பது மாதிரி இருந்தது. எல்லாம் பாய் கடைசியாகச் சொன்ன வார்த்தையால் வந்தது:

"அந்தம்மா பொட்டியத் திருப்பிக் குடுன்னு கேக்கல மேடம். 'உள்ள இருக்கறத அழிச்சிட்டாங்களா'ன்னு மட்டும்தான் கேட்டுச்சு."

மாலை போட்ட படம்

பெரம்பூரில் ஒரு ரயில்வேக்காரர் வீடு. மகன் கேம் ஆடினால் வலது கை தானாக இழுத்துக்கொண்டு போகிறது என்று புகார். அவன் துப்பாக்கியை நேராகப் பிடித்தாலும் கேமுக்குள் இருக்கும் கை நடுங்கிக்கொண்டே இடது பக்கமாக நகர்கிறது. எங்கே போகிறது என்று பார்த்தேன். சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தை நோக்கிப் போனது.

எனக்குக் காரணம் தெரியும். கையில் பிடிக்கும் கருவியில் கண்ணுக்குத் தெரியாத சின்ன விளக்குகள் இருக்கின்றன. ஹெட்செட்டின் கேமரா அவற்றைப் பார்த்துத்தான் கை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும். படத்தைச் சுற்றி மினுக்கும் சீரியல் பல்பு போட்டிருந்தார்கள். கேமரா அதையும் கை என்று நினைத்துக் குழம்புகிறது. அணைத்துவிடுங்கள் என்றேன். அவர் போன நாளிலிருந்து அதை அணைத்ததில்லை என்று அம்மா மறுத்துவிட்டார். கடைசியில் படத்துக்குக் குறுக்கே ஒரு திரை கட்டினேன், கை நடுக்கம் நின்றது. விளக்கம் எல்லாம் பொறுமையாகச் சொல்லி முடித்தேன். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அதெல்லாம் இல்ல மேடம். உசுரோட இருக்கச்சயே அவரு இவன கேம் ஆட வுட்டதில்ல, இப்ப மட்டும் வுட்டுடுவாரா?"

கப்பல் உள்ளே வரும்போது

காசிமேட்டில் மொட்டை மாடி அறை, ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். கிரேன் ஆபரேட்டர் ஒருவர் குடியிருக்கிறார். எப்போதாவது ஒரு தடவை படம் பட்டென்று நின்றுவிடும். அவர் கவனித்துச் சொன்னார், பெரிய கப்பல் உள்ளே வரும்போதுதான் நிற்கிறதாம். நான் நம்பவில்லை. ஆனால் வைஃபையில் சில அலைவரிசைகள் ரேடாரிடம் வாங்கிய இரவல் மாதிரி. ரேடார் சத்தம் காதில் விழுந்தால் ரவுட்டர் உடனே வாயை மூடிக்கொண்டு வேறு இடம் தேட வேண்டும் என்று சட்டம். துறைமுகத்துப் பக்கம் இதை மறந்தவள் நான்தான். ரேடார் தொந்தரவு இல்லாத அலைவரிசைக்கு மாற்றிவிட்டு, என் ஹெட்செட்டைக் கொடுத்து ஆடிப் பார்க்கச் சொன்னேன்.

மாட்டியவர் அசையாமல் நின்றார். படம் வரவில்லையா என்றேன். மெதுவாகக் கழற்றி என்னிடம் நீட்டினார். பெட்டி கம்ப்யூட்டரோடு சேர்வதற்கு முன்னால், பழைய சொந்தக்காரர் வைத்த பேரைச் சொல்லி வரவேற்கும். பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது; அவருக்குப் புதிது.

"யாரு மேடம் அந்தப் பாப்பு அப்பா? திரும்பி வந்ததுல சந்தோசம்னு என்கிட்ட இன்னாத்துக்குச் சொல்றாங்க?"

காலி வீடுகள்

எண்ணூரில் ஒரு பழைய குவார்ட்டர்ஸ். பெரும்பாலான குடும்பங்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டன. ஜன்னல் கட்டை எல்லாம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் பூத்துக் கிடந்தது. வாடிக்கையாளர் ஷிஃப்ட் வேலைக்காரர், ஒண்டிக்கட்டை. போனில் காற்றைச் சோதித்தேன். என் ஆயுளில் அப்படி ஒரு சுத்தமான காற்றைப் பார்த்ததில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு வைஃபை கூட இல்லை. படம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

அங்கே வைத்துத்தான் என் பெட்டி ஒரு அறிவிப்புக் காட்டியது. கம்பெனிக்காரர்கள் பழைய கணக்குகளை மூடப் போகிறார்களாம். முழுக்க அழித்துப் புதுக் கணக்கில் தொடங்காவிட்டால் பெட்டி திறக்காதாம். பெட்டி இல்லாமல் எனக்குத் தொழில் இல்லை. 'அழிச்சிட்டாங்களா' என்ற கேள்வி காதில் ஓடியது. பேர் தெரியாத ஒருத்திக்காக எத்தனை நாள் காத்திருப்பது? நாளைக்கு ராயபுரம் வீட்டை முடித்ததும் அழித்துவிடுவது என்று முடிவெடுத்தேன். இணைப்பு அருமையாக இருக்கிறது, குறுக்கே எந்த அலையும் இல்லை என்று வாடிக்கையாளரிடம் சொன்னேன். அவர் ஹெட்செட்டைக் கழற்றாமலே கேட்டார்:

"அப்ப இங்க என்னத் தவிர யாருமே இல்லன்னு அர்த்தம். பின்ன பக்கத்து ரூம்ல நடக்குறது யாரு மேடம்?"

கோடு

ராயபுரத்தில் அருள் என்ற பையன், கன்டெய்னர் யார்டில் வேலை. புது ஹெட்செட், புதுக் கம்ப்யூட்டர். அக்கா ஸ்டெல்லாவும் அவள் குழந்தையும் கூட இருக்கிறார்கள். அருள் ஹாலில் கம்பியை ஆணியடித்துக்கொண்டிருக்க, நான் என் பெட்டியை மாட்டிக்கொண்டு உள் அறைக்குப் போனேன்.

எந்த வீட்டிலும் அது முதலில் 'கோடு போடு' என்று கேட்கும். என் பெட்டிக்கு மட்டும் நான் நின்ற இடத்தில் சும்மா ஒரு வட்டம் வைத்துச் சோதிப்பேன். இந்த வீட்டில் கேட்கவில்லை. ஒரு அடி எடுத்து வைத்தேன். நீலக் கோடு எழுந்து நின்றது. பீரோ ஓரமாக, ஜன்னல் அடியாக, தையல் மிஷினைச் சுற்றி, அறை முழுக்க யாரோ நிதானமாகப் போட்ட கோடு. முன்பே கோடு போட்ட அறையைத்தான் பெட்டி அடையாளம் கண்டுகொள்ளும். அதுவும் சாமான்கள் இடம் மாறாமல் இருந்தால்தான். நான் இந்த வீட்டுக்கு வந்ததே இல்லை.

சுவர்ப் பக்கம் ஒரு இடத்தில் மட்டும் கோடு உள்ளே வளைந்து, ஒன்றுமில்லாத வெறுந்தரையைச் சுற்றிக்கொண்டு திரும்பியது. பெட்டியைக் கழற்றி அண்ணாந்து பார்த்தேன். நேர் மேலே உத்தரத்தில் ஒரு இரும்பு வளையம். தூளி கட்டுகிற வளையம்.

அப்போது குழந்தை கலர் பென்சிலோடு வந்து, அந்த வளைவுக்குள் சரியாக உட்கார்ந்தாள். "இது என் எடம். நீ அந்தாண்ட ஆடு," என்றாள்.

"பாப்பு, அக்காவைத் தொந்தரவு பண்ணாத," என்று சொல்லிக்கொண்டே வந்த ஸ்டெல்லா, என் கையில் இருந்த பெட்டியையும் அதன் பச்சை வலைநூல் முடிச்சையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். முடிச்சு அவள் போட்டது. சத்தமே வராமல் கேட்டாள், "அழிச்சிட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். அழுதுவிட்டாள். நானும்தான்.

அவள் புருஷன் சேவியர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. குழந்தை தூளியில் தூங்கும்போதுதான் கேம் ஆடுவாராம். "கை பட்டுடப் போவுதுன்னு தூளியச் சுத்தி வளைச்சுக் கோடு போட்டாரு, யக்கா. பேயா புடிச்சிகீதுன்னு நான் சிரிச்சேன். போனப்புறம் அந்தப் பொட்டியப் பாத்தாலே வயிறு எரிஞ்சுது, வித்துட்டேன். வித்தப்புறம்தான் கோடு ஞாபகம் வந்துது. அவரு கையால வரைஞ்சது வேற ஒண்ணுமே இல்ல." இந்த அறையில் ஒரு சாமானை அவள் நகர்த்தியதில்லை.

கணக்கு மூடினால் கோடும் போய்விடும். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டு என் பையைக் கொட்டினேன். இன்சுலேஷன் டேப் இருந்தது. தரையும் தெரிகிற மாதிரி பெட்டியை வைத்து அவள் தலையில் மாட்டினேன். ஸ்டெல்லா மண்டி போட்டு, தனக்கு மட்டும் தெரிந்த கோட்டின் மேல் டேப்பை ஒட்டிக்கொண்டே போனாள். கருப்பு தீர்ந்ததும் சிவப்பு கொடுத்தேன். அருள் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றான். பாப்புவுக்குக் கோடு தெரியாது, பெட்டி அம்மாவின் தலையில் இருக்கிறது. முதுகைக் காட்டி உட்கார்ந்து கலர் அடித்துக்கொண்டிருந்தவள், டேப் சுவர்ப் பக்கம் திரும்புவதற்கு முன்னால், நிமிர்ந்தே பார்க்காமல் சொன்னாள்:

"இங்க வளையும்மா. என் மேல ஒட்டிடாத."

பெட்டியை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு, நான்கு கேமையும் மறந்துவிட்டு வந்தேன். இத்தனை வருடம் காற்றில் படம் அனுப்பிப் பிழைத்தவள் நான், நின்று நிலைத்தது என்னவோ அந்தத் தரையில் ஒட்டிய இன்சுலேஷன் டேப் மட்டும்தான்.