பத்தொன்பதை அடைத்த கதை

கருங்கல் பொடியைப் பிசினில் குழைத்துக் கல்லின் பள்ளத்தில் அழுத்தின விரல்கள். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தன. நகத்தால் தடவின. தட்டுப்பட்டது, மறுபடி அடைத்தன.

பள்ளம் ‘19’ என்ற எண். லெயோகாத்யா அத்தை முப்பது வருஷத்துக்கு முன்பே குடும்பக் கல்லறைப் பலகையில் தன் பெயரை வெட்டி வைத்துக்கொண்டவள். பிறந்த வருஷம், ஒரு கோடு, அப்புறம் 19. மிச்ச இரண்டு எண்ணைச் செத்த பிறகு வெட்டிக்கொள்ளலாமாம். லுப்ளின் ஊர்ப் பக்கத்தில் பலர் செய்த முன்யோசனைதான். நூற்றாண்டு செத்தது, அத்தை சாகவில்லை. கல்லறைத் திருநாளுக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள் என்று பலகையைக் கழற்றி, கல்லில் எழுத்து வெட்டும் தம்பி மகளிடம் கொண்டுவந்திருந்தாள்.

மருமகள் மிர்காவுக்கு முப்பத்தொன்பது. அம்மா நாற்பத்தாறில் போனாள், அக்கா நாற்பத்துமூன்றில். இரண்டு பேருக்கும் சினைப்பையில் புற்றுநோய். அக்கா பெயரை மிர்காதான் வெட்டினாள். அம்மா வழி மரபணுக் கோளாறு இவளுக்கும் இருக்கிறது என்றது ரத்தப் பரிசோதனை. “முற்றும்வரை காட்டிக்கொடுக்காத நோய் இது. சினைப்பைகளை இப்போதே எடுத்துவிடுவது நல்லது” என்றார் டாக்டரம்மா.

மிர்கா தேதி வாங்கினாள், தள்ளிப்போட்டாள். ஈஸ்டர் வேலை என்றாள், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றாள். அடுத்தவர் கல்லில் மயிரிழை விரிசல் கண்டால், “பனிக்கு முந்தி சரிபண்ணலேன்னா பிளந்துடும்” என்று விரட்டுகிறவள். கல்லைத் தட்டினால் உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும். தன் வயிற்றைத் தட்டிப் பார்த்தாள்; அது வாயைத் திறக்கவில்லை.

“நல்லா இருக்கிற உறுப்ப எவளாவது அறுப்பாளாடி? வர்றதுக்கு முன்னாடியே நோய்க்கு வாசல் தொறக்கிற!” என்றாள் அத்தை.

“சவப்பெட்டிக்குப் போட்டுக்க செருப்பு வாங்கிட்டீங்களா அத்தை?”

“போன வருஷமே. கறுப்பு. கொஞ்சம் கடிக்குது.”

“போட்டு நடந்து வேற பாத்தீங்களா!”

“பின்ன? எல்லாத்துக்கும் முன்னேற்பாடு வேணும்டி.”

மிர்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை. அத்தை பலகையின் வெற்றிடத்தை விரலால் அளந்தாள்.

“இங்க இருபதுன்னு வெட்டு. கீழ இடம் கெடக்கே, உன் பேரையும் போட்டுரு. உங்கம்மா வீட்டுப் பொம்பளைங்க அம்பதத் தாண்டினதில்ல. உனக்கு இருபதோட மூணையும் சேத்து ‘203’னே வெட்டிடலாம். ஒரு எண்ணுதான் பாக்கி.”

அத்தை சொன்னதில் கொடுமையில்லை, கணக்குச் சரியாக இருந்தது. அதுதான் மிர்காவின் கையை நிறுத்தியது. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“டாக்டரம்மா இருக்காங்களா? மிர்கா பேசறேன். ஆமா, அதே தள்ளிப்போடற மிர்காதான். இந்தத் தடவை கட்டாயம் வர்றேன். திங்கட்கிழமையா? சரி.”

“புருஷன்கிட்ட கேட்டியாடி?”

“அவர் ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கார், எப்ப போறேன்னு.”

“வயசுக்கு முந்தி வேர்த்துக் கொட்டும். மீசை முளைக்கும்!”

“வேர்க்கும்னு டாக்டரம்மாவே சொன்னாங்க. மீசை முளைச்சா உங்க செருப்பையும் அதையும் சேத்துப் பாத்து ஊரு சிரிக்கட்டும்.”

அந்தத் திங்களுக்கு முந்தின சனிக்கிழமை அத்தை பலகையை வாங்க வந்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். 19 இருந்த தடமே இல்லை. கோட்டுக்கு அப்புறம் வெறும் கல்.

“இருபது எங்கடி?”

“ஒரு தடவை ஏமாந்தது போதாதா?”

அத்தையின் விரல் கீழே இறங்கியது. மருமகளுக்கென்று அளந்த இடம் முழுக்க, ஓர் ஓரம் விடாமல், பழக்கொத்தோடு ஒரு கிளை செதுக்கப்பட்டிருந்தது.

“இங்க இனி ஒரு எழுத்து கூட நுழையாதே!”

“நுழையாது” என்று மிர்கா பலகையைத் தூக்கிக் கொடுத்தாள். “ரெண்டு கையாலயும் பிடிங்க அத்தை. கனம்.”