டெஸ்டர் வாங்கிய ரிசீவர்

ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை அவரை டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. முப்பது வருஷமாக அங்கே எலக்ட்ரீஷியன். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, சிவப்புப் பிடி போட்ட டெஸ்டர் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும்.

அவர் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. லைட் எரியவில்லையென்றால் லைட்டைத் தொடக் கூடாது. முதலில் மெயின், அடுத்து ஃபியூஸ், அப்புறம் சுவிட்ச், அதற்கப்புறம் வயர். அத்தனையும் சரியாக இருந்தால்தான் பல்பின் மேல் கை வைக்கலாம். அவசரக்குடுக்கைகள் எடுத்த எடுப்பில் பல்பை மாற்றிவிட்டுத் திருதிருவென்று முழிப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு இது நல்ல பழக்கம்தான். மனைவிக்குக் காது மந்தமாக ஆரம்பித்தபோதும் மனுஷன் இதே வரிசையில் போனார் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

முதலில் காலிங் பெல். ஒரு நாள் வேலை முடிந்து வந்து இருபது நிமிஷம் வாசலில் நின்று அழுத்தியிருக்கிறார். அந்த அம்மாள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெல்லைக் கழற்றி, கான்டாக்டைச் சுரண்டி, அதுவும் போதாமல் புதுசாக ஒன்று மாட்டினார். அதை அழுத்தினால் எதிர்வீட்டுக்காரர் தன் கதவைத் திறந்து பார்ப்பார். அடுத்தது போன். மகள் பேசுவது வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போல இருக்கிறது என்றாள் மனைவி, போனும் மாறியது. அப்புறம் டிவிக்கு வந்தார்.

டிவிதான் அவருக்கு வலித்த இடம். அவள் இருபத்திரண்டு வருஷம் துணி கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். ஒரே கூரையின் கீழ் இருநூறு மெஷின் சேர்ந்து ஓடும். அந்த இரைச்சலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு இருந்த ஒரே சுகம், சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தொடர் பார்ப்பது. யார் யாரை ஏமாற்றுகிறார்கள், எவள் குடும்பத்தைக் கெடுக்கப் போகிறாள் என்று அவர் தொடையில் தட்டித் தட்டி விளக்குவாள். தொடரில் அவருக்கு ஒரு துளி அக்கறை கிடையாது. அவள் சொல்வதைக் கேட்கத்தான் உட்காருவார். இப்போது ஆறு மாதமாக, பத்து நிமிஷம் உட்காருவாள், "உள்ள வேல இருக்கு" என்று எழுந்து போய்விடுவாள். ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தார். கழுவி அடுக்கிய பாத்திரத்தையே எடுத்து மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பவும் அந்தச் சோபாவுக்கு வர வேண்டும். அவர் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

மகள் போனில் பொரிந்து தள்ளினாள். "அப்பா, வீட்ல இருக்கற எல்லாத்தையும் மாத்திட்டீங்க. அம்மாவோட காத மட்டும்தான் பாக்கல. உங்க ஆஸ்பத்திரியிலேயே காது டாக்டர் இருக்காருல்ல?"

இருக்கிறார். இரண்டாம் மாடி. அந்த ரூமுக்கு லைட் மாட்டியதே டெஸ்டர்தான். ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று ஏணியோடு போய், டாக்டர் "என்ன டெஸ்டர்?" என்று நிமிர்ந்ததும் வாய் வராமல், நன்றாக எரிந்துகொண்டிருந்த டியூப்லைட்டை மாற்றிவிட்டுத் திரும்பிவிட்டார்.

மகள் சொன்னதை அவர் முகத்தைப் பார்த்தே மனைவி கண்டுபிடித்துவிட்டாள். "எங்கம்மாவ ஊரே செவிடின்னுதான் கூப்பிட்டுச்சு. கடைசில வீட்லயும் அதான் பேராச்சு" என்று சொல்லி அழுதாள். அன்றைக்கு முழுக்க அழுதாள். "உன் காதுல ஒண்ணும் இல்ல. டிவியிலதான் கோளாறு. நான் சொல்றேன்ல?" என்றார். சொல்லி முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கப்புறம் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்க அவரால் முடியாது.

அப்படித்தான் ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கக் கிளம்பினார். டிவி ஒல்லியாகிவிட்டதால் அதன் ஸ்பீக்கரும் ஒல்லி, பேச்சு எடுபடாது, டிவி சத்தத்தை வாங்கி வெளி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற ரிசீவர் ஒன்றை வைத்து நடுவில் தனியாக ஒரு ஸ்பீக்கர் போட்டால் பேச்சு முழுக்க அதில் வரும் என்று ஆஸ்பத்திரி கேன்டீனில் யாரோ சொல்லியிருந்தார்கள். பொய்யும் இல்லை. ஆனால் மூழ்குகிறவன் கையில் கிடைத்த கட்டையாக அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

கடைக்கு நாலு தடவை போனார். விற்பனைக்காரருக்கு வாய் ஓயாது. ஒவ்வொரு தடவையும் கண்ணாடி ரூமில் உட்கார வைத்து, தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறக்கவிடுவார்.

"எப்படி இருக்கு சார்? அப்படியே சுத்தி வருது பாருங்க!"

"வருது. பேசறது தெளிவா கேக்குமா?"

"ஒம்பது ஸ்பீக்கர் வரைக்கும் போடலாம் சார். மழ பெஞ்சா கூரை மேலயே பெய்யற மாதிரி இருக்கும்."

"மழ வேணாங்க. ரெண்டு பொம்பளைங்க சண்ட போடறாங்கன்னு வைங்க. யாரு என்ன சொல்றாங்கன்னு தெரியணும்."

விற்பனைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். இப்படி ஒரு கிராக்கியை அவர் கண்டதில்லை. கடைசியில் அஞ்சு ஸ்பீக்கரும் தரையில் வைக்கிற ஒரு கனத்த பெட்டியும் ஓட்டக்கூடிய ரிசீவர் ஒன்றைக் காட்டினார். பேச்சை மட்டும் தூக்கிக் கொடுக்க அதில் தனி பட்டன் இருந்தது. "இதுல இன்னொரு விசேஷம் சார். ஒரு மைக் வரும். நீங்க உக்கார்ற எடத்துல வெச்சா மெஷினே சத்தம் போட்டுப் பாத்து, எல்லாத்தையும் தானா சரி பண்ணிக்கும்."

"உக்கார்றவங்களுக்கு ஏத்த மாதிரியா?"

"ஆமா சார், உக்கார்றவங்களுக்கு ஏத்த மாதிரி."

அந்த ஒரு பதிலுக்காகத்தான் வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பிட்ட கையோடு ஆரம்பித்தார். வயர் வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. நூல் பிடித்த மாதிரி சுவரோரமாக இழுத்து, கிளிப் அடித்து, பிளஸ் மைனஸ் மாறாமல் ஒவ்வொன்றிலும் கலர் டேப் சுற்றினார். நடு ஸ்பீக்கரை டிவிக்குக் கீழே வைத்து, அவள் உட்காரும் பக்கமாக முகத்தை லேசாகத் திருப்பிவிட்டார். டிவியின் சொந்த ஸ்பீக்கரை அணைத்தார், இரண்டும் சேர்ந்து குழப்பக் கூடாதென்று.

பிறகு மைக். புத்தகத்தில் காலி நாற்காலியும், காது உயரத்தில் மைக்கும் படமாகப் போட்டிருந்தது. டெஸ்டருக்கு அது அபத்தமாகப் பட்டது. காலி நாற்காலியின் காதைப் பரிசோதித்து யாருக்கு என்ன லாபம்? மனைவியைக் கூப்பிட்டுச் சோபாவில் அவள் இடத்தில் உட்கார வைத்தார். மைக்கை அவள் கையில் கொடுத்து, நல்ல காது என்று அவர் நினைத்த வலது காதோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். சத்தியமாக நம்பினார், அந்தக் குட்டி மைக் அவள் காதை அளந்து, குறைகிற இடத்திலெல்லாம் கூட்டிக் கொடுக்கும் என்று. முப்பது வருஷ எலக்ட்ரீஷியன்! மைக்குக்கு அவள் காதைப் பற்றி என்ன தெரியும்? ஆசை கண்ணை மறைத்தால் அனுபவம் எங்கே நிற்கும்?

"பேசக் கூடாது, அசையக் கூடாது" என்று சைகை காட்டிவிட்டுப் பட்டனைத் தட்டினார். இடது ஸ்பீக்கர் 'கீச்' என்று கத்தியது. நடு ஸ்பீக்கர் கத்தியது. வலது கத்தியது. அவள் மைக்கைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையாட்டினால் அவளும் ஆட்டினாள். கனத்த பெட்டி 'தம்' என்று அதிர்ந்தபோது மட்டும் குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். ஒரு சுற்று முடிந்து, திரையில் எல்லாம் சரி, எங்கும் பிழை இல்லை என்று வந்தது.

"பாத்தியா? ஒரு கொறையும் இல்லன்னு மெஷினே சொல்லுது!" என்று அவள் முகத்துக்கு நேராகக் கத்தினார். மைக்கை வாங்கி வைத்துவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். எத்தனையோ நாளைக்கப்புறம் இரண்டு காலையும் மேலே மடக்கி, எழுந்து போகிற எண்ணமே இல்லாதவளாக, சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

தொடரைப் போட்டார். மாமியாரும் மருமகளும் கூடத்தின் நடுவில் நின்று கையை நீட்டி நீட்டிச் சண்டை போட்டார்கள். சத்தம் வரவில்லை.

ஒலியைக் கூட்டினார். வரவில்லை. இன்னும் கூட்டினார். காரணம் அவருக்கு உடனே பிடிபட்டது. டிவிக்குப் பின்னால் வயர் செருக மூன்று ஓட்டை உண்டு. சத்தம் ரிசீவருக்குத் திரும்பி வருவது ஒன்றில் மட்டும்தான். அவர் பக்கத்து ஓட்டையில் செருகியிருக்கிறார். பரிசோதனைச் சத்தம் ரிசீவருடைய சொந்தச் சத்தம், அதனால் அது வந்துவிட்டது. இரண்டு நிமிஷ வேலை. எழுவதற்காகச் சோபாவில் கையை ஊன்றினார்.

"ஏங்க!" அவள் அவர் தொடையில் தட்டினாள். "அப்பப்பா, எவ்ளோ தெளிவா இருக்கு! ஒவ்வொரு வார்த்தையும் அப்படியே காதுல விழுது."

ஊன்றிய கை ஊன்றியபடி இருந்தது. அவள் கண் திரையில் இல்லை. அவர் முகத்தில் இருந்தது, எங்கே சிரிக்க வேண்டும், எங்கே தலையாட்ட வேண்டும் என்று தேடிக்கொண்டு. எழுந்து போய் அந்த வயரை மாற்றினால், இவ்வளவு நேரம் சத்தமே இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

திரையில் மாமியார் வாயை அகலத் திறந்து என்னவோ கத்தினாள்.

"உங்களுக்கும் நல்லா கேக்குதா?" என்று மனைவி கேட்டாள்.

"ம். நல்லா கேக்குது" என்றார், அவள் பார்க்கும்படி வாயை நன்றாகத் திறந்து.