துண்டு கட்டிவிட்டுப் போன பை

பன்னிரண்டு பேருடைய பாஸ்போர்ட்டையும் ஒரே காலையில் தொலைத்த ஒருத்தியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நான்தான் அவள். நம் கோயிலில் பிரசாத வரிசையில் உங்கள் பக்கத்திலேயே நின்றிருப்பேன். முருகன் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமானால், நான் செய்ததையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன்.

சென்ற ஆண்டு பங்குனி உத்திரத்தன்று நடந்தது. நான் சென்னையில் கட்டடக்கலை படிக்கிறேன். வீடு அந்தமானில், போர்ட் பிளேர் பத்துபஸ்தியில். அப்பா தீவுகளுக்கு நடுவே ஓடும் கப்பலில் வேலை பார்க்கிறார். எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு வருடம்கூடத் தவறாமல் பால்குடம் எடுத்து வந்தேன். சென்ற வருடம் மட்டும் இல்லை. எங்கள் வகுப்பில் என்னையும் சேர்த்துப் பதினொரு பெண்களை ஸ்பெயினின் தென்பகுதிக்கும் மொராக்கோவின் வடபகுதிக்கும் எட்டு நாள் அழைத்துப் போனார்கள். உத்திரம் அந்த எட்டு நாளுக்குள் வந்து விழுந்தது.

"பால்குடம் எங்கம்மா போயிடப் போகுது? அடுத்த வருஷம் எடுத்துக்கிறேன்" என்று போனில் சொன்னேன்.

அம்மா சண்டை போடவில்லை. "டீக் ஹை, சரி. உன் குடத்தையும் சேர்த்து நானே விரதம் இருந்து எடுத்துக்கிறேன். நீ பத்திரமா போயிட்டு வா" என்றார்.

அம்மா சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கொர்தோபாவின் பழைய மசூதியில் சிவப்பும் வெள்ளையுமான வளைவுகளை வரைந்தோம். கிரனாடா அரண்மனையில் அறைக்கு அறை தண்ணீர் ஓடும் வாய்க்காலை அளந்தோம். பிறகு கப்பலேறி மொராக்கோ போனோம். நீல வண்ணம் பூசிய மலையூர் ஒன்றில் இரண்டு நாள் தங்கினோம். இதெல்லாம் சந்தோஷமான கதை. அதை இன்னொரு நாள் சொல்லலாம்.

ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் நடுவில் இருப்பது ஒரு மணி நேரக் கடல்தான். ஆனால் காற்று பொல்லாதது. போகும்போதே எங்களை அழைத்து வந்த நிர்மலா மேடம் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டார். கூட வந்த பெண்கள் ஒவ்வொருவரும் காகிதப் பையும் கையுமாக இருந்தார்கள். நான் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். மூன்று நாள் கப்பலில் சென்னைக்குப் போய் வருகிறவளுக்கு இதெல்லாம் ஒரு கடலா? என் தோழி திவ்யா அன்றைக்கு எனக்குக் 'கப்பல்காரி' என்று பெயர் வைத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் பாஸ்போர்ட்டெல்லாம் ஒரே கறுப்புப் பையில் மேடத்திடம்தான் இருக்கும். திரும்பி வரும் நாள் காலையில், மொராக்கோவின் டாஞ்சியர் துறைமுகத்தில் முத்திரை குத்தி முடிந்ததும், மேடம் அந்தப் பையை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு இன்னிக்கும் தலை தூக்க முடியாதும்மா. நீதான் தெம்பா இருப்ப. மடியை விட்டு இறக்கிடாத."

"கவலையே படாதீங்க மேடம்" என்றேன்.

கப்பல் கிளம்பிக் கால் மணி நேரம்கூட மடியில் வைத்திருக்கவில்லை. மேல்தளத்தில் நின்றால் ஒரு பக்கம் ஆப்பிரிக்காவும் மறுபக்கம் ஐரோப்பாவும் தெரியும் என்று யாரோ சொன்னார்கள். நம் ஊர்க் கப்பலில் என்ன செய்வோம்? படுக்கையில் பையை வைத்து, மேலே ஒரு துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டு மேலே போய்விடுவோம். துண்டு கட்டியிருந்தால் அது ஒருவருடைய இடம், ஒருவருடைய பொருள். மூன்று நாள் கழித்து வந்தாலும் அப்படியே இருக்கும். ஸ்கூட்டரில் சாவியை விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குள் போகிற ஊர் நம்முடையது. பிறந்ததிலிருந்து அதுதான் பழக்கம். என் பழைய துண்டை எடுத்து, பையைச் சுற்றி, இருக்கையின் கைப்பிடியோடு முடிச்சுப் போட்டேன். மேலே போனேன். கரை வரும்வரை இறங்கவே இல்லை.

இறங்கி வந்தபோது பையும் இல்லை, துண்டும் இல்லை.

ஐயோ, அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வேன்! இருக்கைக்கு அடியில் மண்டியிட்டுத் தேடினேன். மற்றவர்களின் வாந்தியில் கை பட்டது. அதுகூட உறைக்கவில்லை. மேடம் தள்ளாடிக்கொண்டே வந்து, "பை எங்க?" என்றார்.

"காணோம் மேடம். மடியிலதான் வச்சிருந்தேன். பாத்ரூம் போயிட்டு ரெண்டே நிமிஷத்துல வந்துட்டேன். அதுக்குள்ள யாரோ எடுத்துட்டாங்க."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் கரையில் போலீஸ்காரர் கேட்டபோது அதையே மறுபடி சொன்னேன். அது யோசித்துச் சொன்னது.

பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். எதிர் இருக்கையில் ஒரு மொராக்கோப் பெரியவர் ஜபமாலை உருட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. "ஒரு வயதானவர்" என்றேன். வரிசையில் நின்றிருந்த அவரைத் தனியே கூப்பிட்டார்கள். அவருடைய மூட்டையைப் பிரித்தார்கள். ஒவ்வொரு துணியாக எடுத்து மேசைமேல் போட்டார்கள். ஒரு குழந்தைச் சட்டை, ரொட்டி, ஆரஞ்சுப் பழங்கள். அவர் நின்றபடியே மாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

அவரை விடவில்லை. நாங்கள் பன்னிரண்டு பேரும் பாஸ்போர்ட் கவுண்டருக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தோம். ஸ்பெயினுக்குள் போக முடியாது, வந்த கப்பலில் திருப்பி அனுப்பலாம் என்றார்கள். அங்கே போய் எந்தத் தாளைக் காட்டி இறங்குவது? மறுநாள் எங்களுக்கு விமானம். திவ்யா அழுதாள். மேடம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். ஒருத்தியாவது என்னைத் திட்டியிருக்கலாம். "பாவம், அவ என்ன பண்ணுவா?" என்று என் முதுகைத் தடவினார்கள்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். மூன்று தடவை. எடுக்கவில்லை. ஊரில் அப்போது மதியம் தாண்டியிருக்கும். அம்மா தலையில் குடத்தோடு வெயிலில் நடந்துகொண்டிருப்பார், என் குடத்தோடு. அது உறைத்ததும் போனை வைத்துவிட்டேன்.

கண்ணை மூடினேன். சின்ன வயதிலிருந்து மனப்பாடமான துதி ஒன்றுகூட நாக்கில் வரவில்லை. முருகா என்ற ஒரு சொல்தான் வந்தது. முருகா, பையைக் கொடுத்துடு. முருகா, பையைக் கொடுத்துடு. எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. சொல்லச் சொல்லப் பை மனதைவிட்டுப் போய்விட்டது. அந்த மேசைமேல் கிடந்த குழந்தைச் சட்டைதான் கண்ணுக்குள் நின்றது. பேரனுக்கு வாங்கியிருப்பார். அதை யாரோ உதறிப் பார்க்கிறார்கள், நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக.

"முருகா, பை கிடைக்காவிட்டாலும் போகட்டும். என் வாயைத் திற" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் உண்மையாகக் கேட்ட முதல் வேண்டுதல் அதுதான்.

எழுந்தேன். மேடத்திடம் போய், "நான் பாத்ரூம் போகல மேடம். துண்டைச் சுத்திக் கட்டிவச்சிட்டு மேல வேடிக்கை பார்க்கப் போயிட்டேன். வழி முழுக்க மேலதான் இருந்தேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பிறகு போலீஸ்காரரிடமும் போய் அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெரியவர் எதையும் தொட்டதை நான் பார்க்கவே இல்லை என்றேன்.

பக்கத்தில் கப்பல் பணிப்பெண் ஒருத்தி நின்றிருந்தாள். அதுவரை எங்களைக் கண்டுகொள்ளாதவள், "துண்டா?" என்று திரும்பினாள். "என்ன நிறம்?"

"பச்சை. வெளிறிப்போன பச்சை."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

அன்று கப்பல் முழுக்க வாந்தி. ஆளில்லாத இருக்கையில் பழைய துண்டைச் சுருட்டிக் கட்டியிருந்தால் அங்கே உள்ளவர்களுக்கு என்ன தோன்றும்? யாரோ வாந்தியைத் துடைத்துச் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று. கையுறை போட்ட துப்புரவுக்காரர் முடிச்சோடு வெட்டிக் குப்பைச் சாக்கில் போட்டுவிட்டார். எல்லோரும் கறுப்புப் பையைத் தேடினார்கள், திருடனைத் தேடினார்கள். துண்டைப் பற்றி நான் வாய் திறக்கவே இல்லையே! சாக்குகள் துறைமேடையில் குப்பை வண்டிக்காகக் காத்துக் கிடந்தன. வண்டி உள்ளே வந்து நின்றுவிட்டது. ஆறாவது சாக்கில் இருந்தது என் துண்டு. உள்ளே பன்னிரண்டு பாஸ்போர்ட்டும் கொஞ்சம்கூட ஈரம் படாமல் இருந்தன. இன்னும் பத்து நிமிடம் நான் பொய்யைப் பிடித்துக்கொண்டிருந்தால் வண்டி போயிருக்கும்.

திவ்யா என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் அந்த மேசைக்கு ஓடினேன். பெரியவர் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியவில்லை. எனக்கு அவர் மொழி தெரியவில்லை. நானும் சேர்ந்து மடித்தேன். குழந்தைச் சட்டையை அவர் கையில் கொடுக்கும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் வலக்கையை நெஞ்சில் வைத்துத் தலையை அசைத்தார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அம்மாவே கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க என்னம்மா வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"அரே, நான் என்னத்தக் கேட்டேன்! எனக்கு என்ன தெரியும்? புள்ளைய நேரா நடக்க வை முருகான்னு சொல்லிக்கிட்டே நடந்தேன். அவ்வளவுதான்." பிறகு, "அந்தப் பெரியவர்கிட்ட மன்னிப்பு கேட்டியா?" என்றார்.

"பாஷை தெரியலம்மா."

"அப்ப அது இன்னும் பாக்கிதானே" என்றார் அம்மா.

பாஸ்போர்ட் கிடைத்ததுதான் முருகனின் அருள் என்று திவ்யா சொல்கிறாள். இருக்கட்டும். எனக்கு அதற்கு ஐந்து நிமிடம் முன்னால், அந்தத் தரையிலிருந்து எழுந்து நின்றேனே, அதுதான் அருள். என் பலத்தால் நான் எழவில்லை. என்னை எனக்குத் தெரியும்.

உங்களுக்கும் ஏதோ ஒரு முடிச்சு இருக்கும். அவனிடம் கேளுங்கள், தயங்காதீர்கள். ஆனால் கேட்கும்போது துண்டைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். அவனுக்குத் தெரியாதது இல்லை. நாம் சொல்வதற்காகத்தான் அவன் காத்திருக்கிறான்.

இந்த வருடம் உத்திரத்துக்கு லீவு போட்டு ஊருக்கு வந்து பால்குடம் எடுத்தேன். சந்நிதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

"யார் பேருக்கும்மா?" என்று குருக்கள் கேட்டார்.

"ஒரு பெரியவருக்கு. பேர் தெரியாது சாமி. நட்சத்திரமும் தெரியாது. நம்ம சாமியைக் கும்பிடுறவரும் இல்ல."

குருக்கள் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப சாமி பேருக்கே பண்ணிடலாம்" என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டார்.