வெற்றிலைப் பையும் பெட்ரோல் பம்பும்

போன வருடம் ஆனி மாதம், ஒரு புதன்கிழமை காலை. தலவாக்கலை தாண்டி கொட்டகலைக்குப் போகிற ஏற்றத்தில் எங்கள் கெப் வண்டி நின்றுவிட்டது. புகை விட்டு, சத்தம் போட்டு, ஊரைக் கூட்டி நிற்கவில்லை. இரண்டு தரம் விக்கியது, ஒரு தரம் உடம்பை உலுக்கியது, அப்படியே தூங்கிவிட்டது.

அன்றைக்குத்தான் வட்டவளையில் என் மகள் வயிற்றுப் பேரனுக்குக் காதுகுத்து. பதினொன்றரை வரைக்கும் நல்ல நேரம். மருமகளும் பேத்தியும் முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள். நானும் மகனும் டயகமவில் இருந்து சீர் சாமான்களை ஏற்றிக்கொண்டு காலையில் புறப்பட்டோம். பின்தட்டில் ஒரு வாழைக்குலை, தேங்காய், பலகாரத் தட்டு, பிள்ளைக்குப் புது உடுப்பு. என் மகன்தான் தாய்மாமன். அவன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அவன் போகாவிட்டால் காதும் இல்லை, குத்தும் இல்லை.

அந்தக் கெப் என் பேத்தியைவிட வயது கூடியது. மகன் அதில் மரக்கறி ஏற்றிப் பிழைக்கிறான். சாவியைத் திருப்பினால் முதலில் பின்னால் இருந்து 'ஙொய்' என்று ஒரு சத்தம் வரும், பிறகுதான் எஞ்சின் பிடிக்கும். அன்றைக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த 'ஙொய்' வரவே இல்லை.

"டேங்குக்குள்ள இருக்கிற பெட்ரோல் பம்ப் போயிருச்சும்மா" என்றான். முகம் சிவந்துவிட்டது. "போன வாரம் மச்சான்கிட்ட வண்டியக் குடுத்தேன்ல, அங்க வந்துச்சு வினை. கண்ட இடத்துல போத்தல்ல விக்கிற பெட்ரோல வாங்கி ஊத்தியிருக்கான்."

நான் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டேன். வாயில் வெற்றிலை இருந்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அவன் போனை எடுத்தான். பக்கத்து டவுனில் வண்டி திருத்துகிற பாஸ் ஒருவர் இருக்கிறாராம், அவரை வரச் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த போனை மச்சானுக்கு, அதாவது என் மருமகனுக்கு, போட்டான்.

"போத்தல் பெட்ரோல ஊத்தி வண்டியக் கெடுத்து என்னை நடு ரோட்டுல நிறுத்திட்டீங்க. உங்க புள்ளைக்கு வேற மாமனப் பாத்துக்கங்க. நான் வரல."

இரண்டு நிமிடத்தில் என் மகள் எனக்குப் போன் எடுத்தாள். அழுகை. "அம்மா, இவரு பெட்ரோலே ஊத்தலையாம்மா. சாமி படத்துக்கு முன்னால சத்தியம் பண்றாரு. நீ அண்ணன்கிட்ட சொல்லும்மா."

"வண்டி சரியாவட்டும்டி" என்றேன், வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மருமகன் சத்தியம் பண்ணியது உண்மையாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த டேங்குக்குள் கை வைத்தது நான்.

ஆனி மாத மழையில் எங்கள் பக்கம் எதுவும் காயாது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிப் போடுகிற மிலாறுதான் எங்களுக்கு விறகு. நனைந்த மிலாறை ஊதி ஊதி என் கன்னம் உள்ளே போனதுதான் மிச்சம். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு நீளக் கம்பி, நுனியில் பழைய சேலைக் கிழிசல். விடியுமுன் எல்லாரும் தூங்குகிற நேரம் பார்த்து கெப்பின் டேங்க் வாயில் விட்டு ஒரு முக்கு. அந்தத் துணியை அடுப்பில் சொருகி நெருப்புக் குச்சியைக் கிழித்தால் 'பக்' என்று பிடிக்கும். ஒரு நாள் அந்த 'பக்'கில் என் இடது புருவம் பொசுங்கிவிட்டது. மருமகள் கேட்டதற்கு, வயதானால் முடி கொட்டத்தானே செய்யும் என்றேன். "ஒரு பக்கம் மட்டுமா அத்தை?" என்று கேட்டாள். மறு பக்கம் அடுத்த மாதம் கொட்டும் என்றேன்.

சில நேரம் கம்பி வெளியே வரும், துணி வராது. இரண்டு தரம் அப்படி ஆனது. டேங்க் பெரியது, துணி சின்னது, என்ன ஆகிவிடப் போகிறது என்று மூடியைத் திருகிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த பாஸ் ஓட்டோவில் வந்து இறங்கினார். முஸ்லிம் மனிதர், நரைத்த தாடி, கை இரண்டும் எண்ணெய்க் கறுப்பு. அவரை மகன், அண்ணன் முறையில், நானா என்று கூப்பிட்டான், நானும் அப்படியே கூப்பிட்டேன். சாவியைத் திருப்பச் சொல்லிக் காது கொடுத்தார். வண்டிக்கு அடியில் படுத்து ரப்பர் சுத்தியலால் டேங்கின் அடிவயிற்றில் இரண்டு தட்டு தட்டினார். 'ஙொய்' என்று ஒரு முனகல் வந்தது. உடனே அடங்கியது.

"கொஞ்சம் உசுரு ஈந்திச்சு. இப்ப மௌத்தாப் போச்சு" என்றார். "போன்ல நீங்க சொன்ன உடனே நெனச்சேன். ரெண்டு தரம் வர ஏலாதுன்னு வேற பம்ப் ஒண்டையும் கையோட கொண்டாந்திட்டேன். டேங்க எறக்கணும் தம்பி."

"நேத்துத்தான் நெறைய அடிச்சேன் நானா."

"நெறஞ்ச டேங்க எறக்க ஏலாது. பின்தட்ட ஒரு பக்கமாத் தூக்கி முட்டுக் குடுத்தா மேலால பம்ப எடுக்கலாம். ஆனா ஆறேழு பேராச்சும் வேணும்."

ரோட்டில் நாங்கள் மூன்று பேர், ஓட்டோக்காரர் ஒருவர். மேலே மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் முப்பது வருடம் கூடை சுமந்தவள்தானே. கையை வாயில் குவித்து ஒரு குரல் விட்டேன்.

முன்னால் நின்ற ஒருத்தி கேட்டாள், "என்னா பாட்டி, வழி தவறிட்டீங்களா?"

"வழி தவறல, வண்டிதான் தவறிப்போச்சு. வந்து கொஞ்சம் தூக்கிவிடுங்கடி."

"ஆம்பளைங்க நிக்கிறாங்களே?"

"நிக்கத்தான் செய்வாங்க. தூக்குறதுக்கு நீங்கதான் வேணும்."

மலை முழுக்கச் சிரிப்பு. தேத்தண்ணி நேரம் நெருங்கிவிட்டது போல. கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எட்டுப் பேர் இறங்கி வந்தார்கள். அதற்குள் நானா நட்டுகளைக் கழற்றி, பெட்ரோல் ஊற்றுகிற குழாயையும் பிரித்திருந்தார். வாழைக்குலையும் பலகாரத் தட்டும் ரோட்டு ஓரத்தில் வெற்றிலை பாக்கு வைத்த மாதிரி வரிசையாக உட்கார்ந்தன. பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை இறுக்கிக்கொண்டு வண்டியின் பின்தட்டைப் பிடித்தார்கள். கொழுந்தில் முதல் கை வைக்கும்போது நாங்கள் 'பொலி' சொல்லுவோம். அந்தப் பழக்கத்தில் ஒருத்தி ஆரம்பித்தாள்.

"பொலி… பொலி…"

எட்டுப் பேரும் சேர்ந்து சொன்னார்கள். தட்டு எழும்பியது. என் மகனும் ஓட்டோக்காரரும் ஓடிப்போய் இரண்டு கட்டைகளை முட்டுக் கொடுத்தார்கள். நானா அசைத்துப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், கராஜ்ல நாலு பொடியன்மார வச்சு நான் கஷ்டப்படுறேன்" என்றார்.

பெண்கள் மேட்டில் உட்கார்ந்து போத்தலில் கொண்டு வந்த சாயத் தண்ணியைக் குடித்தார்கள். நானா டேங்கின் மேல்மூடியைக் கழற்றுமுன் எல்லாரையும் பார்த்துச் சொன்னார்.

"இப்ப பெட்ரோல் தெறந்து கெடக்கும். நெருப்புப் பெட்டி, பீடி, சுருட்டு ஒண்டும் கூடாது. வெத்தில மட்டும் போடலாம்."

நல்லதாகப் போயிற்று என்று இடுப்பில் இருந்து சுருக்குப் பையை எடுத்துப் பிரித்தேன். அந்த நேரம் பார்த்து நானா பழைய பம்பை மேலே தூக்கினார். அதன் அடியில் பெட்ரோலை வடிகட்டுகிற வடியைச் சுற்றி, பிள்ளைக்குக் கோவணம் கட்டின மாதிரி, துணி. பிரித்து எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

பெட்ரோலில் ஊறினாலும் பூ அழியவில்லை. ஊதாவில் மஞ்சள் பூ. நானாவின் கண் துணியில் இருந்து என் மடிக்கு வந்தது. என் சுருக்குப் பை ஊதாவில் மஞ்சள் பூ. ஒரே சேலையில் தைத்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மகன் அந்தப் பக்கம் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நானா துணி மூன்றையும் பிழிந்து, தன் பையில் இருந்த பழைய டப்பாவுக்குள் போட்டு மூடினார். பிறகு ஒரு போத்தலில் கொஞ்சம் பெட்ரோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பெட்ரோல் நல்லாத்தான் ஈக்கிது தம்பி. டேங்க்ல குப்பை. அது வடிய அடைச்சு, பம்ப் இழுத்து இழுத்துக் கருகிப் போச்சு. பழைய வண்டிதானே."

இதுவரைக்கும் என்னை யாரென்றே தெரியாத மனிதர். என் மகன் முன்னால் என் மானத்தை டப்பாவில் போட்டு மூடிவிட்டார். எனக்கு மூச்சு வந்தது. தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மகன் விடவில்லை. "குப்பை எப்படி வந்துச்சு? மூடியச் சரியாப் போடாம விட்டிருப்பான். எதுவா இருந்தாலும் அவன்தான். நான் அந்த வாசல்ல இனிமே காலு வைக்க மாட்டேன். சீரை நீ பஸ்ல எடுத்துட்டுப் போம்மா."

நானா என்னைப் பார்க்கவில்லை. புது பம்பின் வயரைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவர் பார்த்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். பார்க்காமல் இருந்ததுதான் சுட்டது. வட்டவளையில் மகள் அழுதுகொண்டிருப்பாள். பிள்ளையை மடியில் வைக்க மாமன் இல்லாமல் பத்தர் ஊசியை வைத்துக்கொண்டு காத்திருப்பார். எல்லாம் என் வாயில் கிடக்கிற வெற்றிலையால்.

துப்பினேன்.

"தம்பி, மச்சான் இல்லடா. நான்தான்."

"என்ன நீதான்?"

சொன்னேன். மிலாறு, கம்பி, சேலைக் கிழிசல், எல்லாம். நானா டப்பாவைத் திறந்து துணியைக் காட்டினார். என் மகன் துணியைப் பார்த்தான், பையைப் பார்த்தான், என் முகத்தை வெகு நேரம் பார்த்தான்.

"அப்ப… அந்தப் புருவம்?"

"அதுவும்தான்."

மேட்டில் இருந்த எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஒருத்திக்குச் சாயத் தண்ணி மூக்கில் ஏறிவிட்டது. நானும் சிரித்துச் சமாளிக்கலாம் என்று பல்லைக் காட்டினேன். நானா சிரிக்கவில்லை.

"அம்மா, சொல்றேன்னு கோவிக்காதீங்க. துணி டேங்க்ல விழுந்திச்சு, பம்ப்தான் போச்சு. வேற பம்ப் கெடைக்கும். அதே துணி அடுப்புக்கிட்ட உங்கட சேலையில பட்டிருந்தா? வரிசையா ஒட்டி ஈக்கிற லயத்துக் காம்பரா ஒண்டு பத்தினா மத்ததும் பத்தும். பெட்ரோலுக்கு வயசு தெரியாது."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. என் மகன் அந்த ரோட்டு ஓரத்தில் வாழைக்குலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். திட்டுவான் என்று நான் தயாராக இருந்தேன். நானும் பதிலுக்கு இரண்டு சொல்லுவேன், விஷயம் முடிந்துவிடும். அவன் திட்டவில்லை.

"நாங்க எல்லாம் தூங்குற நேரம் நீ தனியா அடுப்படியில நிப்பியே அம்மா" என்றான். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே போனை எடுத்தான். "மச்சான்… நான்தான் பேசுறேன். உங்க மேல குத்தம் இல்ல. நான் பேசுனது தப்பு. பத்தரைப் போக விட்றாதீங்க, வந்துக்கிட்டே இருக்கேன்." அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. இவன் முகத்தில் இருந்த இறுக்கம் மெல்ல இறங்கியது.

பெண்கள் மறுபடி பொலி சொல்லி, முட்டுக் கட்டைகளை எடுத்து, பின்தட்டை இறக்கினார்கள். நானா நட்டுகளை இறுக்கி முடித்துவிட்டு, "சாவியப் போடுங்க தம்பி" என்றார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

'ஙொய்…'

கோயில் மணியைக்கூட நான் அவ்வளவு பயபக்தியாகக் கேட்டதில்லை. எஞ்சின் பிடித்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். வாழைக்குலையில் பாதியை அவர்களுக்கு வெட்டிக் கொடுத்தோம். நானா போகும்போது டப்பாவை என் மகனிடம் கொடுக்கப் போனார், பிறகு நினைத்துக்கொண்டு, "இத நானே கொண்டு போறேன். காஞ்ச பொறகு இவங்க அடுப்புல போட்டாலும் போடுவாங்க" என்றார். அப்போதுதான் முதல் தரமாகச் சிரித்தார்.

வட்டவளைக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. பத்தர் புறப்பட எழுந்தாராம். மருமகன் அவர் பையைப் பிடித்து வைத்துக்கொண்டு, "என் மச்சான் மடி இல்லாம குத்த விடமாட்டேன்" என்று நின்றிருக்கிறார். என் மகன் கை காலைக்கூடக் கழுவாமல் ஓடிப்போய் உட்கார்ந்தான். பிள்ளை மடியில் ஏறியது, ஊசி பட்டது, அந்த வீறல் ரயில் ஸ்டேசன் வரைக்கும் கேட்டிருக்கும். மாமன் வேட்டியில் பெட்ரோல் வாசம். மருமகன் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "மச்சான், இது போத்தல் பெட்ரோல் இல்லையே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் தகுதியானவள்தான்.

இப்போது டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். சாவி மருமகளிடம். மிலாறை முதல் நாளே அடுப்புக்கு மேலே பரண் கட்டி உலர்த்திக்கொள்கிறேன். முன்னாலேயே அதைச் செய்திருக்கலாம். சோம்பல். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற பேத்தி, புருவத்தை விட்டுவிடலாமா என்று கேட்கிறாள். எழுதடி, அது இன்னும் சரியாக முளைக்கவில்லை.

தினமும் காலையில் மகன் சாவியைத் திருப்பும்போது பின்னால் அந்த 'ஙொய்' கேட்கும். எனக்குப் பதிலாக ஒரு பம்ப் கருகிப்போனதால்தான் அந்தச் சத்தத்தைக் கேட்க நான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அது அடங்கும் வரைக்கும் வாயில் வெற்றிலை போடாமல் நிற்கிறேன்.